கம்மி விலை கேமிங் கீபோர்டு வாங்கலாமா? எதைப் பார்த்து முடிவு பண்றது?

கேள்வி இதுதான்: "அண்ணா, கம்மி விலைல ஒரு கேமிங் கீபோர்டு பார்த்து வச்சிருக்கேன், மெம்ப்ரேன் தான், ஆனா மெக்கானிக்கல் ஃபீல்னு போட்டிருக்கான், 26 கீ ஆன்டி கோஸ்டிங், ஆர்ஜிபி லைட், 1000 ஹெர்ட்ஸ் எல்லாம் இருக்கு. ஷூட்டிங் கேம் தான் அதிகம் ஆடுவேன். வாங்கலாமா, இல்ல இன்னும் கொஞ்சம் சேர்த்து வச்சு மெக்கானிக்கல் வாங்கவா? அப்புறம் ஃப்ரெண்டோட கீபோர்டுல திடீர்னு நகர்ற கீங்க, அதான் டபிள்யூ-ஏ-எஸ்-டி, வேலை செய்யல, இந்த மாதிரி கீபோர்டு எல்லாம் சீக்கிரம் போயிடுமா?"

தம்பி, ரெண்டுக்கும் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க. மெம்ப்ரேன்னா உள்ள ரப்பர் குமிழும் பிளாஸ்டிக் ஷீட்டும் வச்ச கீபோர்டு, மெக்கானிக்கல்னா ஒவ்வொரு கீக்கும் தனித்தனி சுவிட்ச் வச்சது. நான் நிறைய சீப் கீபோர்டு யூஸ் பண்ணிருக்கேன், வீட்டுலயும் தெரிஞ்சவங்களுக்கும் நிறைய திறந்து ரிப்பேர் பண்ணிருக்கேன். அதுல எனக்குப் புரிஞ்சது, கம்மி விலை கீபோர்டுல பார்க்க வேண்டிய முதல் விஷயம் ஒண்ணே ஒண்ணுதான்: நீங்க ஆடுற கேம்ல ஒரே நேரத்துல எந்தெந்த கீயை சேர்த்து அழுத்துவீங்களோ அது அத்தனையும் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருதா? சேர்ந்தா அது கேமிங் கீபோர்டு. சேரலேன்னா அட்டைல என்ன எழுதியிருந்தாலும் அது லைட் போட்ட ஆபீஸ் கீபோர்டு தான். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

ஏன் அப்படின்னா, கீபோர்டுக்குள்ள ஒவ்வொரு கீயில இருந்தும் தனித்தனியா வயர் போகாது. நூத்துக்கு மேல கீ இருக்கு, அத்தனை வயர் இழுக்க முடியாது, அதனால குறுக்கும் நெடுக்குமா கோடு போட்டு, கோடுங்க சந்திக்கிற இடத்துல ஒவ்வொரு கீயை வச்சிருப்பாங்க, இதுக்குப் பேர்தான் மேட்ரிக்ஸ். உள்ள இருக்கிற சிப் ஒவ்வொரு வரிசையா மாத்தி மாத்தி கரண்ட் விட்டு எந்த நெடுக்குக் கோட்டுல வருதுன்னு பார்க்கும். ஒரு கீ, ரெண்டு கீ அழுத்தும்போது பிரச்சினையே இல்ல. மூணு கீ அழுத்தி, அந்த மூணும் ஒரு செவ்வகத்தோட மூணு மூலைல உட்கார்ந்திருந்தா, கரண்ட் சுத்திக்கிட்டுப் போய் நாலாவது மூலைல இருக்கிற கீயும் அழுத்தின மாதிரி சிப்புக்குத் தெரியும். நீங்க தொடவே தொடாத கீ. அதுதான் கோஸ்டிங். இப்ப வர்ற கீபோர்டு எல்லாம் இந்தக் குழப்பம் வரும்னு தெரிஞ்சா அந்த மூணாவது கீயையே கண்டுக்காம விட்டுடும். அதனால பேய் எழுத்து வராது, ஆனா நீங்க அழுத்தின கீயும் வராது. ஓடிக்கிட்டே குதிக்கிறீங்க, ஸ்பேஸ் தட்டுறீங்க, ஆளு குதிக்க மாட்டேங்குறான், நீங்க உங்க கை மேல பழி போடுறீங்க, தப்பு கை மேல இல்ல.

மெக்கானிக்கல் போர்டுல இதுக்கு ஒவ்வொரு கீக்கும் ஒரு டயோடு வச்சிடுவாங்க, கரண்ட் ஒரு பக்கம் மட்டும்தான் போகும், பின்னாடி சுத்தி வராது, பிரச்சினை முடிஞ்சது. மெம்ப்ரேன்ல இருக்கிறது பிளாஸ்டிக் ஷீட்ல அச்சடிச்ச கோடு, அதுல டயோடு ஒட்டவச்சு விலை கட்டுபடி ஆகாது. அதனால என்ன பண்ணுவாங்கன்னா, டபிள்யூ-ஏ-எஸ்-டி, ஷிஃப்ட், கன்ட்ரோல், ஸ்பேஸ், அதைச் சுத்தி இருக்கிற கொஞ்சம் கீங்க, ஆரோ கீ, இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதாத மாதிரி வேற வேற வரிசைல மாத்தி உட்கார வைப்பாங்க. அட்டைல 19 கீ ஆன்டி கோஸ்டிங், 26 கீ ஆன்டி கோஸ்டிங்னு போடுறது பெரும்பாலும் இதைத்தான். 26 கீயை ஒரே நேரத்துல அழுத்தலாம்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க, இந்த 26 கீங்களுக்குள்ள மோதல் வராம பார்த்திருக்கோம்னு அர்த்தம். கேமுக்கு அது போதும். நேர்மையா பண்ணியிருந்தா போதும். பண்ணியிருக்காங்களான்னு தெரியத்தான் டெஸ்ட்.

டெஸ்ட் ரொம்ப ஈஸி. பிரவுசர்ல கீ டெஸ்டர்னு தேடினா அழுத்துற கீ எல்லாம் கலர் மாறிக் காட்டுற பக்கம் நிறைய வரும், அதைத் திறந்துக்கோங்க. டபிள்யூவை அழுத்திப் பிடிங்க, கூட ஏ, அதாவது கோணலா ஓடுற மாதிரி. கூட இடது ஷிஃப்ட். கூட ஸ்பேஸ். நாலும் எரியணும். இப்ப இதை விடாமலே ஆர், ஈ, க்யூ, எஃப், ஜி, சி, 1, 2, 3, 4ன்னு ஒவ்வொண்ணா தட்டிப் பாருங்க. அப்புறம் ஏவை விட்டுட்டு டி வச்சு இதே மாதிரி முழுசா இன்னொரு தடவை. எங்கயாவது ஒரு கீ எரியலேன்னா அந்தக் கூட்டணி உங்களுக்குக் கேம்ல தேவையான்னு யோசிங்க, ஓடும்போது ரீலோட் ஆகலேன்னா அது தினமும் படுத்தும், ஓடும்போது 4 வரலேன்னா வேற கீக்கு மாத்திக்கலாம். ஆரோ கீல கார் ஓட்டுற ஆளா இருந்தா மேல் ஆரோ, இடது ஆரோ, ஸ்பேஸ் மூணையும் சேர்த்து கட்டாயம் பாருங்க, சாதா கீபோர்டு நிறைய இந்த இடத்துலதான் விழும். ஒண்ணு ஜாக்கிரதை, பிரவுசர்ல கன்ட்ரோலையும் டபிள்யூவையும் சேர்த்து அழுத்தினா டேப் மூடிக்கும், உட்கார்ந்துக்கிட்டே நகர்ற டெஸ்டை கேமுக்குள்ளயே போய் பண்ணுங்க.

இன்னொரு பழைய டெஸ்ட், ரெண்டு ஷிஃப்டையும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஏ-ல இருந்து இசட் வரைக்கும் எல்லா எழுத்தையும் அடிக்கிறது. நிறைய மெம்ப்ரேன்ல பாதி எழுத்து காணாம போகும். பார்க்க பயமா இருக்கும், ஆனா யாரும் கேம்ல ரெண்டு ஷிஃப்டை சேர்த்துப் பிடிக்கிறதில்ல, இதுல ஃபெயில் ஆனதுக்காக ஒரு கீபோர்டை ஒதுக்க வேண்டாம். முதல்ல சொன்னதுல ஃபெயில் ஆனா ஒதுக்குங்க.

6 கீ ரோல்ஓவர், என்-கீ ரோல்ஓவர்னும் போட்டிருப்பாங்க. ஒரே நேரத்துல எத்தனை கீ அழுத்தினா பதியும்ங்கிற கணக்கு அது, என்-கீன்னா எத்தனை வேணா. யூஎஸ்பில கீபோர்டு அனுப்புற அடிப்படை தகவல் 8 பைட், அதுல 1 பைட் ஷிஃப்ட், கன்ட்ரோல் மாதிரி கீங்களுக்கு, 1 பைட் சும்மா, மிச்சம் 6 பைட்ல 6 கீ. 6 கீங்கிற கணக்கு அங்க இருந்து வந்ததுதான். ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் எல்லாம் தனி பைட்ல போறதால அது இந்த ஆறுல சேராது. இடது கைல இருக்கிறது அஞ்சு விரல். ஆக 6 ஒழுங்கா வேலை செஞ்சா ஷூட்டிங் கேமுக்கு அதுக்கு மேல தேவையில்ல, என்-கீ இல்லையேன்னு கவலைப்படாதீங்க.

அடுத்து அந்த மெக்கானிக்கல் ஃபீல். இது மெக்கானிக்கல் இல்ல, இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. கீகேப்புக்குக் கீழ மெக்கானிக்கல் மாதிரி உயரமா ஒரு பிளாஸ்டிக் தண்டு, அதுக்குக் கீழ அதே பழைய ரப்பர் குமிழ். கீகேப்பைப் பிடுங்கிப் பார்த்தா தெரிஞ்சுடும், உள்ள சிவப்பு நீலம்னு சுவிட்ச் பெட்டி தனியா இருந்தா மெக்கானிக்கல், வெறும் பிளாஸ்டிக் குழாய்க்குள்ள தண்டு இறங்கினா மெம்ப்ரேன்.

போன வருஷம் அக்கா பையனோட கீபோர்டு இப்படித்தான் ஒண்ணு, திடீர்னு ஒரே நாள்ல அஞ்சாறு கீ சேர்ந்தாப்ல போச்சு, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாம்னு இருந்தாங்க. நான் வாங்கிட்டு வந்து திருப்பிப் போட்டு ஸ்க்ரூ எல்லாம் கழட்டினேன், ஒரு ஸ்க்ரூ ஸ்டிக்கருக்கு அடில ஒளிஞ்சிருக்கும், விரலால தடவிப் பார்த்தா பள்ளம் தெரியும் (வாரண்டி இருக்கும்போது இதைப் பண்ணாதீங்க, ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரண்டி போச்சு). மூடியைத் தூக்கினா உள்ள மூணு பிளாஸ்டிக் ஷீட், ஒண்ணு மேல ஒண்ணு. மேல ஒண்ணுலயும் அடில ஒண்ணுலயும் வெள்ளி கலர்ல மெல்லிசா கோடுங்க, நடுவுல இருக்கிற ஷீட்ல கீ இருக்கிற இடத்துல மட்டும் ஓட்டை. நீங்க அழுத்தும்போது ரப்பர் குமிழ் மடங்கி மேல் ஷீட்டை அந்த ஓட்டை வழியா கீழ் ஷீட்டோட தொட வைக்குது, அவ்வளவுதான் மொத்த வித்தையும். அந்த வெள்ளிக் கோடுங்க எல்லாம் ஒரு ஓரத்துல வாலு மாதிரி சேர்ந்து வந்து சின்ன சர்க்யூட் போர்டு மேல படுத்திருக்கும். சோல்டர் கிடையாது, ஒரு பட்டை வச்சு ரெண்டு மூணு ஸ்க்ரூல அமுக்கிப் பிடிச்சிருக்கும், அந்த அமுக்கத்துலதான் கனெக்ஷனே. அக்கா பையனோடதுல அதுல ஒரு ஸ்க்ரூ லூஸ் ஆகி பட்டை ஒரு பக்கம் நூலளவு தூக்கியிருந்துச்சு, அந்தப் பக்கக் கோடு தொடல, அந்தக் கோட்டுல இருந்த கீ எல்லாம் மொத்தமா செத்துப்போச்சு. காய்ஞ்ச மெல்லிசு துணியால துடைச்சு (அழுத்தித் தேய்ச்சா அந்தக் கோடு அழிஞ்சிடும்) ஸ்க்ரூவை ஒரே சமமா முறுக்கினேன், எல்லா கீயும் வந்துடுச்சு. இன்னிக்கு வரைக்கும் ஓடுது. அதனால ஒரு கீ மட்டும் போனா அந்த இடத்துல அழுக்கோ ஷீட்ல கோடு அறுந்ததோ இருக்கலாம், அஞ்சாறு சேர்ந்து போனா முதல்ல அந்தப் பட்டையைப் பாருங்க.

மெம்ப்ரேனுக்குன்னு சில நல்லதும் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா தப்பு. சத்தம் கம்மி, ராத்திரி பக்கத்துல யாராவது தூங்கினாலும் ஆடலாம். கொஞ்சம் தண்ணி சிந்தினாலும் நிறைய மாடல்ல தாங்கும். கெட்டது என்னன்னா, கிட்டத்தட்ட அடி வரைக்கும் அழுத்தினாத்தான் கீ பதியும், மெக்கானிக்கல்ல 4 மி.மீ. இறங்குற கீ 2 மி.மீ.லயே பதிஞ்சிடும், பாதில தட்டி பாதில விட்டு மறுபடி தட்டலாம். இடதுவலதா மாத்தி மாத்தி சட்டுனு நகரும்போது இந்த வித்தியாசம் கைக்கு நல்லாத் தெரியும். இன்னொண்ணு, ரப்பர் நாளாக நாளாக ஒரே மாதிரி தேயாது, டபிள்யூ மட்டும் தொளதொளன்னு ஆகி பக்கத்து கீ விறைப்பா இருக்கும்.

1000 ஹெர்ட்ஸ் விஷயத்துக்கு வருவோம். 125 ஹெர்ட்ஸ்னா கம்ப்யூட்டர் 8 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை கீபோர்டைக் கேட்கும், 1000னா 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. இது யூஎஸ்பி பேசுற வேகம் மட்டும்தான், உள்ள இருக்கிற சிப் மேட்ரிக்ஸைச் சுத்திப் பார்க்கிற நேரமும், கீ தொடும்போது வர்ற அதிர்வு அடங்கட்டும்னு காத்திருக்கிற நேரமும் தனி, அதை யாரும் அட்டைல போட மாட்டாங்க. வெளில 1000னு போட்டுட்டு உள்ள மெதுவா இருக்கிற கீபோர்டும் உண்டு. அதே நேரத்துல உங்க மானிட்டர் 60 ஹெர்ட்ஸா இருந்தா ஒரு ஃப்ரேமே 16.7 மில்லிசெகண்ட். அங்க அவ்வளவு போகும்போது இங்க அஞ்சாறு மில்லிசெகண்டுக்காக கூடுதல் காசு கொடுக்காதீங்க. இந்த விலைல போலிங் ரேட்டை (இந்த ஹெர்ட்ஸ் கணக்கை) நான் பார்க்கவே மாட்டேன், வயர் கீபோர்டா இருக்கணும், அவ்வளவுதான் பார்ப்பேன். சீப் வயர்லெஸ், அதுவும் ப்ளூடூத் மட்டும் இருக்கிறதை கேமுக்கு வாங்காதீங்க.

இப்ப மெயின் கேள்வி, சேர்த்து வச்சு மெக்கானிக்கல் வாங்கவா? என் பதில் ஆமா. காத்திருக்க முடிஞ்சா காத்திருங்க. முன்னாடி மெக்கானிக்கல்னா பெரிய காசு, ஏன்னா செர்ரி எம்எக்ஸ் டிசைனுக்குப் பேட்டன்ட் இருந்துச்சு, 2014 வாக்குல அது முடிஞ்சதும் கேட்ரான், கைல், அவுடெமுன்னு சீனா கம்பெனிங்க அதே அளவுல சுவிட்ச் பண்ணி விட ஆரம்பிச்சாங்க, அதுக்கு அப்புறம் விலை தரைக்கு வந்துச்சு. இன்னிக்கு நல்ல பிராண்டு மெம்ப்ரேன் கேமிங் கீபோர்டு விலைக்கே பேர் தெரியாத கம்பெனியோட மெக்கானிக்கல் கிடைக்குது, உள்ள சுவிட்ச் பெரும்பாலும் நல்லதாவே இருக்கும்.

ஆனா மெக்கானிக்கல்னு போட்டுட்டா கண்ணை மூடிட்டு வாங்கிடாதீங்க. ஹாட் ஸ்வாப் (சோல்டர் இல்லாம சுவிட்சைக் கழட்டி மாத்துற வசதி) இருக்கிறதா பாருங்க, சீப் மெக்கானிக்கல்ல எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். சீப் சுவிட்ச்ல அடிக்கடி வர்ற நோய் டபுள் கிளிக், ஒரு தடவை அழுத்தினா ரெண்டு தடவை பதியும். கதவு திறக்க ஈ தட்டுவீங்க, கதவு திறந்து அதே வேகத்துல மூடிக்கும், மறுபடி தட்டுவீங்க, மறுபடியும் அதே. சுவிட்சை சோல்டர் பண்ணியிருந்தா அந்த ஒரு கீக்காக சோல்டரிங் அயர்ன் தூக்கணும், ஹாட் ஸ்வாப்னா கூட வர்ற இடுக்கியால பிடுங்கிட்டு வேற ஒண்ணைச் சொருகினா முடிஞ்சது. கூடவே ரெண்டு மூணு எக்ஸ்ட்ரா சுவிட்ச் கொடுப்பாங்க, தூக்கிப் போடாம வச்சுக்கோங்க. ஸ்பேர் கைல இல்லேன்னா ஸ்க்ரோல் லாக் மாதிரி தொடவே தொடாத கீல இருக்கிற சுவிட்சைக் கழட்டி ஈ-க்குப் போட்டுட்டு, கெட்டதை அங்க வச்சிடுங்க. சொருகும்போது ரெண்டு பின்னும் நேரா இருக்கான்னு பார்த்துட்டு செங்குத்தா அமுக்குங்க, சாய்ச்சு அமுக்கினா பின் மடங்கி சுவிட்சே செத்துப்போச்சுன்னு நினைச்சுக்குவீங்க. இன்னொரு விஷயம், சில சீப் போர்டுல இருக்கிற சாக்கெட் அவுடெமு சுவிட்சுக்கு மட்டும்தான் ஒத்துப்போகும், அதோட கால் கொஞ்சம் மெல்லிசு, வேற பிராண்டு சுவிட்ச் உள்ள போகாது. 3 பின்னா 5 பின்னான்னும் பார்த்துக்கோங்க, அது ரெண்டு உலோகப் பின்னோட அடில இருக்கிற பிளாஸ்டிக் காலையும் சேர்த்த கணக்கு.

சுவிட்ச் கலர்ல உங்களுக்கு சிவப்பு, தடை இல்லாம நேரா இறங்கும், கிளிக் சத்தம் கிடையாது. நீலம் கிளிக் கிளிக்னு சத்தம் போடும், கடைல தட்டிப் பார்க்கிறப்ப நல்லாத்தான் இருக்கும், ஹெட்செட் மைக் வழியா டீம்ல இருக்கிறவங்களுக்கு நீங்க பேசுறதை விட அதுதான் கேட்கும். அதுவும் இல்லாம நீலத்துல பதியுற இடத்தை விட விடுபடுற இடம் மேல இருக்கும், சட்டு சட்டுனு ரெண்டு தட்டு தட்டணும்னா கொஞ்சம் அதிகமா விட்டுத் தட்டணும். டைப்பிங் நிறைய பண்றவங்க நீலமோ பிரவுனோ (லேசா ஒரு தடை மட்டும் விரலுக்குத் தெரியும், கிளிக் சத்தம் இல்ல) எடுத்துக்கலாம்.

ஸ்பேஸ் பாரை இடது ஓரம், நடு, வலது ஓரம்னு மூணு இடத்துல தட்டிப் பாருங்க. மூணும் ஒரே மாதிரி இறங்கணும். ஓரத்துல தட்டும்போது சிக்கினா ஸ்டெபிலைசர் (நீளமான கீ சாயாம இறங்க அடில வச்சிருக்கிற கம்பி) சரியில்ல, அதோட கேம் ஆட முடியாது, திருப்பிக் கொடுத்துடுங்க. வெறும் கடகட சத்தம் மட்டும்னா பரவால்ல, கீகேப்பை எடுத்துட்டு அந்தக் கம்பி உள்ள போற இடத்துல டைஎலக்ட்ரிக் கிரீஸ் துளி வச்சா அடங்கிடும், கைல கிடைச்ச எண்ணெயை ஊத்திடாதீங்க.

கீகேப்ல ரொம்ப எதிர்பார்க்காதீங்க. சீப்ல பாதிக்கு மேல கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்குக்கு மேல கறுப்பு பெயின்ட் அடிச்சு எழுத்தை லேசர்ல சுரண்டியிருப்பாங்க, வியர்வை பட்டுப் பட்டு டபிள்யூவும் ஏவும் முதல்ல அழியும். ஒரு கீகேப்பைப் பிடுங்கி அடிப்பக்கம் பாருங்க, ரெண்டு கலர் பிளாஸ்டிக் தெரிஞ்சா அது டபுள் ஷாட், எழுத்தே இன்னொரு பிளாஸ்டிக், அழியவே அழியாது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்னா எழுத்து அழியலேன்னாலும் கொஞ்ச மாசத்துல எண்ணெய் தேச்ச மாதிரி பளபளன்னு ஆகும், பிபிடி பிளாஸ்டிக் அவ்வளவு சீக்கிரம் ஆகாது. மெக்கானிக்கல்னா பின்னாடி வேற செட் மாத்திக்கலாம், ஆனா ஸ்பேஸ் பார் ஸ்டாண்டர்டு 6.25 அளவான்னு (சாதா எழுத்து கீ அகலத்துல 6.25 மடங்கு) பாருங்க, சில சீப் போர்டுல வேற அளவுல இருக்கும், வாங்கின செட்ல எல்லாம் பொருந்தி அது மட்டும் பொருந்தாது.

லைட் பத்தி ரெண்டே வரி. சீப் மெம்ப்ரேன்ல ஆர்ஜிபின்னு போட்டாலும் பெரும்பாலும் அடில நாலஞ்சு கலர் நிரந்தரமா எரியும், கலரை நீங்க மாத்த முடியாது. ராத்திரி எழுத்து தெரிஞ்சா போதும்னா அதுவே நல்லது.

சைஸ்ல முதல் தடவை வாங்குறவங்க 61 கீ போர்டைத் தவிர்க்கிறது நல்லது. அழகாத்தான் இருக்கும், ஆனா ஆரோ கீயும் எஃப் வரிசையும் எஃப்என் கீக்குப் பின்னாடி போயிடும், கேமுக்கு வெளிய கம்ப்யூட்டர்ல வேற வேலை செய்யும்போது எரிச்சலா வரும். 87 கீ தான் என் சாய்ஸ், நம்பர் பேட் இல்லாததால மவுஸ் கைக்கு நல்ல இடம் கிடைக்கும், மவுஸை குறைஞ்ச சென்சிடிவிட்டில வச்சு, கையை நிறைய நகர்த்தி ஆடுறவங்களுக்கு இது நிஜமாவே உதவும். கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் மூணும் சேர்ந்த காம்போ வேண்டாம். அந்தக் காசுல நல்ல மவுஸ் ஒண்ணு தனியா வாங்குங்க, ஷூட்டிங் கேமுக்கு கீபோர்டை விட மவுஸ் முக்கியம், இது என் உறுதியான கருத்து.

காந்த சுவிட்ச் கீபோர்டும் இப்ப விலை இறங்கி வருது, எவ்வளவு ஆழத்துல பதியணும்னு நீங்களே செட் பண்ணலாம், நல்ல விஷயம்தான். ஆனா அதுல வர்ற எதிரெதிர் கீயைத் தானா மாத்திவிடுற வசதியை (இடது கீயை விடாமலே வலது கீயை அழுத்தினா கடைசியா அழுத்தினதை மட்டும் எடுத்துக்கிற ஸ்னாப் டேப் மாதிரி) கவுன்டர் ஸ்ட்ரைக் 2-ல போட்டுட்டு ஆடாதீங்க, 2024 ஆகஸ்ட்ல இருந்து அந்த கேம் கம்பெனி வால்வோட அதிகாரப்பூர்வ சர்வர்ல அதைக் கண்டுபிடிச்சா மேட்ச்ல இருந்து வெளிய தள்ளிடுவாங்க. அதுக்காகவே அந்தக் கீபோர்டு வாங்குறதா இருந்தா உங்க கேம்ல அனுமதி இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க.

காத்திருக்க முடியல, இப்ப இருக்கிற காசுக்கு அந்த மெம்ப்ரேன் தான்னா அதுவும் தப்பில்ல, வாங்குங்க, திருப்பிக் கொடுக்கிற வசதி இருக்கிற இடத்துல வாங்குங்க. வந்த அன்னிக்கே மேல சொன்ன டபிள்யூ-ஏ-ஷிஃப்ட்-ஸ்பேஸ் டெஸ்டையும் ஸ்பேஸ் பார் டெஸ்டையும் பண்ணிடுங்க. ரெண்டு கையால ஓரத்தைப் பிடிச்சு லேசா முறுக்கிப் பாருங்க, கொஞ்சம் வளையறது சகஜம், படக்குன்னு சத்தம் வந்தா சரியில்ல. மேஜைல வச்சு பக்கவாட்டுல தள்ளினா வழுக்கக் கூடாது, அடில ரப்பர் நாலு மூலைலயும் இருக்கணும், பின்னாடி தூக்கி வைக்கிற காலுக்கும் ரப்பர் இருந்தா நல்லது.

ஃப்ரெண்டு கீபோர்டு விஷயம். பெரும்பாலும் அது போகல. இந்த மாதிரி கீபோர்டு நிறையவுல எஃப்என் கீயும் டபிள்யூவும் சேர்த்து அழுத்தினா டபிள்யூ-ஏ-எஸ்-டி வேலை ஆரோ கீக்கும், ஆரோ கீ வேலை டபிள்யூ-ஏ-எஸ்-டிக்கும் மாறிடும், கேம் நடுவுல கை தவறிப் பட்டிருக்கும். நோட்பேடைத் திறந்து டபிள்யூ தட்டச் சொல்லுங்க, எழுத்து வராம கர்சர் மேல போச்சுன்னா இதுதான், மறுபடியும் எஃப்என்னையும் டபிள்யூவையும் சேர்த்து ஒரு தடவை அழுத்தினா பழையபடி வந்துடும். விண்டோஸ் கீ வேலை செய்யலேன்னு சொன்னாலும் எஃப்என்னும் விண்டோஸ் கீயும் சேர்த்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்க, அது கேம்ல குறுக்க வராம இருக்க வச்ச லாக். ரெண்டுலயும் சரியாகலேன்னா ஸ்க்ரூ கழட்டுறதுக்கு முன்னாடி வேற யூஎஸ்பி போர்ட்ல ஒரு தடவை மாத்திச் சொருகிப் பார்க்கட்டும்.